மேட்டூர் ரோட்டில் குரல் மாறும் இடம்

சென்றாயனுக்குக் கார் பைத்தியம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பைத்தியம் என்றால் எந்தக் காரைக் கண்டாலும் பின்னால் ஓட வேண்டும். எங்கள் ஊர் வழியாகப் போன எத்தனையோ கார்களை அவன் தலை திருப்பிக்கூடப் பார்த்ததில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு சத்தம். அது எப்படிப்பட்ட சத்தம் என்பதையாவது கட்டினவளிடம் ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் ஏழு வருஷத்தை வீணடித்தான்.

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் அவன் அங்கே கிரேனுக்கு எண்ணெய் விடுகிற வேலையில் இருந்தான். வார லீவுக்குச் சங்கு ஊதியதும் கிளம்பி, மேச்சேரியைத் தாண்டி எங்கள் ஊருக்கு நடந்தே வந்துவிடுவான். ஊருக்கு மேற்கே புளியமரங்களுக்கு நடுவில் ரோடு நூல் பிடித்த மாதிரி நேராக ஓடும். அப்படி நடந்து வந்த ஒரு சாயங்காலம், அந்த இடத்தில் அவனுக்குப் பின்னால் ஒரு சத்தம் கிளம்பியது. அணை வேலையில் இருந்த ஓர் இஞ்சினீயர் துரையின் கார். சீமையில் பந்தயத்துக்கென்று செய்தது. கூரை கிடையாது. இரண்டு பேருக்கு மேல் உட்கார இடம் கிடையாது. மூக்கு மட்டும் நீளம், அதைத் தோல் வாரால் இழுத்துக் கட்டியிருக்கும்.

சென்றாயன் ஓரமாக ஒதுங்கி நின்றான். தூரத்தில் மெல்லிசாகக் கேட்ட குரல் கிட்டே வர வர உரத்து, காதைக் கிழிக்கிற மாதிரி உச்சத்தில் நின்று, அவனைக் கடந்த அந்த நொடியில் சட்டென்று இறங்கி வேறொரு குரலாகிப் போனது. வந்தபோது ஒரு குரல், போனபோது ஒரு குரல். புழுதி அடங்கிய பிறகும் அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு மூன்று தடவை அதே ரோட்டில் அதைக் கேட்டிருக்கிறான். அந்தக் குரல் தனக்கே தனக்கென்று வேண்டும் என்ற ஏக்கம் அங்கே பிடித்ததுதான், பிறகு அவனை விடவே இல்லை.

அணை முடிந்தது. துரை கப்பல் ஏறிவிட்டார். கார் யார் யார் கைக்கோ போய், கடைசியில் இஞ்சின் இறுகிப்போய், பழைய இரும்போடு இரும்பாக ஏலத்துக்கு வந்தது. சென்றாயன் எடுத்தான். பக்கத்து வீட்டுப் பொன்னனின் காளைகள் அதை மேட்டூரிலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்தன. உள்ளே ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு சென்றாயன் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். ஊரே கைகொட்டிச் சிரித்தது. அவன் பெண்டாட்டி சாலம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. ஆலாத்தி கரைத்து எடுத்து வந்து காருக்கு மூன்று சுற்றுச் சுற்றி ரோட்டில் கொட்டிவிட்டு, மாட்டுக் கொட்டகையில் ஒரு பாதியைக் காலி செய்து கொடுத்தாள்.

இஞ்சினைத் திறந்தவுடன் சென்றாயன் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். பிறகு வீட்டுக்குள் பார்த்துக் கத்தினான்.

"ஏ சாலா, இங்க வந்து மோந்து பாரு! இது நம்ம வெளக்கெண்ணெ!"

உண்மைதான். அந்த மாதிரிப் பந்தயக் கார்களுக்கு ஆமணக்கெண்ணெய்தான் உயிர். எவ்வளவு சூடானாலும் அது இளகி ஓடாது. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. மண்ணெண்ணெய் ஜாதியைச் சேர்ந்த கடை எண்ணெயோடு அது சேராது. துரைக்குப் பிறகு காரை வைத்திருந்த யாரோ ஒரு புண்ணியவான் மேலே கடை எண்ணெயை ஊற்றி வைக்க, இரண்டும் திரிந்து கோந்தாகி, எண்ணெய் போகிற சந்து பொந்தெல்லாம் அடைத்துவிட்டது. சென்றாயன் இஞ்சினைக் கழற்றி ஒவ்வொரு சாமானாகச் சீமெண்ணெயில் ஊறப்போட்டான். வேப்பங்குச்சியைச் சீவிச் சீவி ஒவ்வொரு துளையாகக் குத்தி எடுத்தான். தங்கள் காட்டில் விளைந்த ஆமணக்கை சாலம்மாள் வறுத்து இடித்துக் காய்ச்சிக் கொடுத்தாள். அதை நாலு மடிப்பு வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றினான்.

காய்ச்சின ஆமணக்கெண்ணெய்க்கு இன்னொரு குணமும் உண்டு. ஓடுகிற வரைக்கும் தேன், நின்றுவிட்டால் பிசின். அதனால் காரை நிறுத்தியே வைக்க முடியாது. தினமும் சாயங்காலம் ஓட்டியாக வேண்டும். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களின் கிணற்று இஞ்சின்களை ரிப்பேர் செய்து கொடுத்து, கூலிக்குப் பதிலாகப் பெட்ரோல் டின்னாகவே வாங்கி வந்தான். ஓமலூரில் பெட்ரோல் விற்ற கரீம் பாஷாவே தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன் சென்றாயா, ஊரெல்லாம் கூலியை வாங்கி அரிசி வாங்குது. நீ பெட்ரோலைக் குடிச்சா உயிர் வாழுற?"

"நானு குடிக்கலீங்க சாயபு. அது குடிக்குது" என்பான் சென்றாயன்.

கார் ஓடியது. நன்றாகவே ஓடியது. எண்ணெய் சூடாகும் வரைக்கும் மேற்கே மெதுவாக உருட்டிக்கொண்டு போவான். புளியமரங்கள் முடிகிற இடத்தில் திருப்பி நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டு, முழு வேகத்தில் விடுவான். ரோட்டோரத்து அவன் வீட்டைக் கடந்து, கிழக்கே பாலம் வரைக்கும் போய், திரும்பி ஆமை மாதிரி வந்து சேருவான். கோழிகள் பறக்கும், கிழவிகள் ஏசுவார்கள், கன்றுக்குட்டிகள் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். அவ்வளவும் நடக்கும். ஆனால் இறங்கும்போது சென்றாயன் முகம் தொங்கிப்போயிருக்கும்.

"சத்தம் சரியில்ல."

"நல்லாத்தானுங்க இருக்குது" என்பாள் சாலம்மாள்.

"உனக்கென்ன தெரியும்."

அவனுக்கு அந்தக் குரல் வரவில்லை. காற்று காதில் அறைந்தது, இஞ்சின் ஒரே சீராகக் கத்தியது, அவ்வளவுதான். துரையின் கார் அவனைக் கடந்தபோது குரல் மாறியதே, அந்த மாற்றம் எவ்வளவு வேகத்தில் போனாலும் வரவில்லை. ஆகவே இஞ்சினில் இன்னும் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டினான். இதுகூடத் தெரியாதா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஆசை இஞ்சினுக்குள் இருக்கிறது என்று நம்பிவிட்டவன் வேறு எங்கே தேடுவான்?

அந்தக் கோளாறைப் பிடிக்க அவன் செய்த வேலைகளைச் சொன்னால் மாளாது. காருக்குக் கார்பரேட்டர் இரண்டு. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று பார்க்க ஆயுதம் ஏது? பப்பாளி இலைத் தண்டை ஒடித்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்பரேட்டர் வாயில் காட்டிக் கேட்பான். இரண்டும் ஒரே மாதிரி சீறும் வரைக்கும் திருகாணியைத் திருகுவான். வால்வு இடைவெளிக்குச் சவர பிளேடுகளை அடுக்கி அளவு பார்ப்பான். ஆமணக்கெண்ணெய் கரி பிடித்த பிளக்குகளைக் கழற்றி சாலம்மாளின் அடுப்பில் சுடுவான். சோற்றுக்கு உலை வைக்கப் போனவள் தணலில் நாலு பிளக்குகள் சிவந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, பேசாமல் வெளியே மூன்று கல்லை வைத்துச் சோறாக்குவாள்.

அவன் தலை இஞ்சினுக்குள் இருக்கும்போது பெடலை மிதிக்க ஓர் ஆள் வேண்டும். அது சாலம்மாள். கொட்டகையில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்காருவாள். "மிதி... உடு... மிதி... மெதுவா..." என்று அவன் சொல்லச் சொல்ல மிதிப்பாள். இப்படியே கிளச், கியர் எல்லாம் அவள் காலுக்கும் கைக்கும் பழகிவிட்டன. கொட்டகையிலிருந்து காரை வெளியே எடுத்து வைப்பதும் திருப்பி உள்ளே விடுவதும் அவள்தான். பிள்ளை இல்லாத குறைக்குத்தான் இரண்டு பேரும் காரைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஊருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தெரியும். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது.

பிறகு சண்டை வந்தது. சீமையில் நடந்த சண்டைக்கு ஓமலூரில் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. சென்றாயனுக்கு யார் கூப்பன் கொடுப்பார்கள்? கொட்டகை மூலையில் மண்ணில் புதைத்து வைத்திருந்த டின்கள்தான் மிச்சம். அது தீர்ந்தால் கார் நிற்கும். நின்றால் எண்ணெய் பிசினாகும். அதற்குள் கோளாறைப் பிடித்து, ஒரே ஒரு தடவையாவது அந்தக் குரலைக் கேட்டுவிட வேண்டும் என்று அவன் தவித்தான். சாப்பிடும்போதுகூட அவன் விரல் எதையோ திருகிக்கொண்டிருக்கும்.

அந்த வருஷ ஆயுத பூஜை முடிந்த பிறகுதான் புதுச் சனியன் பிடித்தது. கார் நன்றாகக் கிளம்பும். ஒரு மைல் போகும். புளியமரங்களை எட்டுவதற்குள் இருமி இருமி நின்றுவிடும். இறங்கி எதையாவது கழற்றித் துடைத்து மாட்டினால் திரும்பக் கிளம்பும். இன்னொரு மைல் போய் நிற்கும். பிளக்குக்குப் பொறி கொடுக்கிற மாக்னெட்டோவைப் பிரித்தான். பிளக்குகளை மாற்றினான். கார்பரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலிலேயே கழுவினான். குழாயைப் பெட்ரோல் ஊற்றியே ஊதினான். இப்படிக் கழுவியும் சிந்தியும் ஓட்டிப் பார்த்தும் புதைத்து வைத்த டின்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கையை நிறுத்த முடியவில்லை.

கடைசி டின்னில் அடிமட்டம் மட்டும் இருந்தபோது ஒரு நாள் கார் பாலத்தருகே நின்றது. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று குச்சி விட்டுப் பார்க்க டேங்க் மூடியைத் திருகினான். "உஸ்" என்று காற்று உள்ளே போனது. கிளப்பினால் கிளம்பிவிட்டது. சென்றாயன் அப்படியே நின்றான். ஒவ்வொரு தடவை நின்றபோதும் எதை எதையோ துடைத்தான், கூடவே இந்த மூடியைத் திறந்தும் பார்த்தான். கார் கிளம்பியதற்குத் தன் துடைப்புத்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டான். மூடியைத் திருப்பிப் பார்த்தான். டேங்க் மூச்சு விடுவதற்காக அதன் உச்சியில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போகவேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. அந்தத் துளையின் மேல் காய்ந்து கல்லாகிக் கிடந்தது ஒரு பெரிய சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். பூஜையில் வைத்த பொட்டைத் தானாக உதிரும் வரைக்கும் யாரும் துடைக்கமாட்டார்கள். அதனால் அதைத் தினமும் பார்த்தும் அவன் கை வைக்கவில்லை.

வருஷா வருஷம் சாலம்மாள் அரிவாள், கொத்து, ஸ்பேனர், காரின் விளக்கு, சக்கரம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பாள். டேங்க் மூடிக்கு வைத்ததில்லை. அன்று வீட்டுக்கு வந்தவன் கொதித்தான்.

"உன்ன யாருடி அங்க வெக்கச் சொன்னது?"

"பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்துருச்சேன்னு வெச்சனுங்க. அது தீராம இருக்கோணும்னு வேண்டிக்கிட்டு, மத்ததவிடப் பெருசா வெச்சன்."

அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. சென்றாயன் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். அத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்தது அன்றைக்குத்தான் வாயில் வந்தது.

"எல்லாம் போச்சு. இனி ஒருக்கா ஓட்டத்தான் பெட்ரோலு இருக்குது. அந்தச் சத்தத்தக் கேக்காமயே நானு போய்ச் சேரப்போறேன்."

"எந்தச் சத்தமுங்க? எப்பப் பாரு சத்தம் சத்தம்ங்கறீங்க. என்ன சத்தம்னு ஒரு நாளாச்சும் சொன்னீங்களா?"

அவன் நின்றான். கையை மேற்கே நீட்டி, காற்றில் ஒரு கோடு இழுத்துக் காட்டினான். "அந்தா அங்கிருந்து வரும். வாரப்ப ஒரு கொரலு. நம்மளத் தாண்டறப்ப பொசுக்குன்னு எறங்கும். போறப்ப வேற கொரலு. எறங்குது பாரு, அந்த எடம். அது வரமாட்டேங்குது."

சாலம்மாள் அவனையே பார்த்தாள். கோபமா, சிரிப்பா, அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"அதுங்களா? அது தெனமும் வருதுங்களே."

"எங்க வருது?"

"இங்க. நம்ம ஊட்டு வாசல்ல. நீங்க ஓட்டிக்கிட்டுப் போறப்ப. அதக் கேக்கத்தானுங்களே நானு அடுப்ப உட்டுட்டு அந்தி சாய வெளிய வந்து நிக்கறேன். எனக்கு உசுரே ஒருக்கா எறங்கி ஏறுமுங்க."

சென்றாயன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். இவ்வளவு வருஷமும் அந்தக் குரல் பழுதில்லாமல் ஒவ்வொரு சாயங்காலமும் அவன் வீட்டு வாசலைக் கடந்து போயிருக்கிறது. ஓட்டிக்கொண்டு போனவனே அவன்தான். உள்ளே உட்கார்ந்தவனுக்கு அது எங்கே கேட்கும்? கூடவே போகிறவனை எது கடந்து போகும்? அவன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டான்.

"நாளைக்கு நானு ஓட்டறேன். நீங்க நின்னு கேளுங்க" என்றாள் சாலம்மாள்.

"வேண்டாம் சாலா. நீ ரோட்டுல ஓட்டுனதில்ல."

"மிதிக்கத் தெரியும். திருப்பத் தெரியும். ரோடு நேராத்தானுங்க போகுது" என்றாள். பிறகு, "பொட்டு வெச்சது நானு" என்றாள்.

மறுநாள் காலை. ஐப்பசி மழை விட்டு ரோடு புழுதியில்லாமல் கிடந்தது. கடைசிப் பெட்ரோலை டேங்கில் ஊற்றி, துளையில் ஊசி விட்டுப் பார்த்துவிட்டு, சென்றாயன் ரோட்டோரம் நின்றான். பொன்னன் ரோட்டில் நின்ற மாடுகளை ஓரமாகத் தள்ளி நிறுத்தினான். சாலம்மாள் சேலைத் தலைப்பைத் தலையோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினாள். மேற்கே மெதுவாக உருட்டிக்கொண்டு போனாள். புளியமரங்கள் முடிகிற இடத்தில் காரைத் திருப்பும் சத்தம் கேட்டது. கியர் ஒரு தடவை கடகடத்தது. சென்றாயன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

வந்தது. மெல்லிசாகக் கிளம்பி, உரத்து, மரத்துக்கு மரம் மோதி, உச்சத்தில் வந்தது. அவனைக் கடந்த நொடியில் இறங்கியது. அதே குரல். அதே இடம். இளவயதில் அந்த ரோட்டில் நின்ற உடம்பே திரும்பி வந்த மாதிரி இருந்தது. சென்றாயன் வாய்விட்டு அழுதான். அழுதுகொண்டே போகிற குரலைக் கேட்டான். பாலத்தைத் தாண்டி அது சிறுத்து, இரண்டு தடவை இருமி, நின்றது. டேங்கில் இனி ஒரு சொட்டுக்கூட இருக்காது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இந்தத் தடவை வாசலில் நின்று கேட்க சாலம்மாள் இல்லை. அவளுக்கு இனி இன்னொரு தடவையும் கிடையாது. தன்னுடையதை அவள் எடுத்து அவனுக்குக் கொடுத்துவிட்டாள். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான்.

பாலத்துக்கு அப்பால் கார் நின்றிருந்தது. அவள் இறங்கவில்லை. ஸ்டீரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். தலைமுடி பிரிந்து முகமெல்லாம் கிடந்தது.

"கேட்டுச்சுங்களா?"

அவன் தலையை ஆட்டினான்.

"எறங்குச்சுங்களா, அந்த எடத்துல?"

"எறங்குச்சு சாலா."

"எனக்கு வெறுங்காத்துத்தானுங்க கேட்டுது" என்றாள். "எப்பிடி இருந்துச்சுன்னு சொல்லுங்க."

நாற்பதைத் தாண்டிய ஆண்பிள்ளை, மேட்டூர் ரோட்டின் நடுவில் நின்று, உதட்டைக் குவித்துக் கார் மாதிரி சத்தம் போட்டுக் காட்டினான். மாடுகளை ஓட்டி வந்த பொன்னன் திகைத்துப் போய் நின்றான்.

பெட்ரோல் அதற்குப் பிறகு வரவே இல்லை. சென்றாயன் கரீம் பாஷாவிடம் நடையாக நடந்தான். "எனக்கில்லீங்க சாயபு, ஊட்டுக்காரிக்கு" என்று கெஞ்சினான். அவர் என்ன செய்வார், பாவம். இஞ்சினுக்குள் எண்ணெய் இறுகிப் பிசினாகியது. சாயங்காலமானால் சாலம்மாள் மட்டும் பழக்கத்தை விடாமல் அடுப்பை விட்டு வாசலுக்கு வந்து மேற்கே பார்த்துக்கொண்டு நிற்பாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் சென்றாயன் ரோட்டில் இறங்கி, கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, வாயால் அந்தச் சத்தத்தைப் போட்டுக்கொண்டே அவளைக் கடந்து நடப்பான். அவள் கண்ணை மூடிக் கேட்பாள்.

"வாரப்ப சரியா இருக்குதுங்க" என்பாள். "போறதுதான் வரல. இன்னொருக்கா போங்க."

அவனும் திரும்பிப் புளியமரத்தைப் பார்த்து நடப்பான்.